கதவும் மாவுப் பசையும்

மார்ச் 4

அக்காவுக்கு,

நேற்று பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடத்துக்கு, மூன்று கண்டங்களைச் சேர்ந்த ஒன்பது பேர் கலந்துகொண்ட கூட்டத்தில், எங்கள் பயிற்சி அறையின் நாற்காலிகளை இனி வட்டமாகப் போடுவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. வரிசையாகப் போட்டால் அதிகாரம் முன்வரிசையில் குவிகிறது என்று இயக்குநர் விளக்கினார். வட்டத்தில் முன்வரிசை கிடையாது, மையத்திலும் யாரும் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரே மனிதர் மையத்தில் இருக்கும் இந்த நாட்டில் இதை ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம் என்றார். தீர்மானத்தின் பிரதி தலைமையகத்துக்குப் போயிருக்கிறது.

சிரித்துவிட்டு மேலே படி.

நான் புறப்பட்ட அன்று நீ சொன்னதை மறக்கவில்லை. "சொந்த வீட்டுக் கூரை ஒழுகுது, நீ அடுத்த ஊருக்குக் குடை விக்கப் போற." அதன் பிறகு ஐந்து மாதம் என் போனை எடுக்கவில்லை. போனில் நான் குறுக்கே பேசுவேனாம், கடிதம் என்றால் பதில் போடுவாயாம். அத்தான் சொன்னார். இதோ கடிதம்.

எங்கள் அறக்கட்டளையின் வேலை, மக்களாட்சி அவ்வளவாகப் பழக்கமில்லாத நாடுகளுக்குப் போய் அதைப் பழக்குவது. பணம் ஒரு வல்லரசுடையது. அதன் போட்டி வல்லரசு இதே நகரத்தில் ஒரு பாலம், ஒரு மருத்துவமனை, ஒரு விளையாட்டு அரங்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. எங்கள் தரப்பு இதுவரை கொடுத்தது துணிப்பை, பேனா, எண்பத்தாறு பக்கப் பயிற்சி நூல். எங்கள் ஓட்டுநர் இரண்டு பக்கமும் சாயாதவர். "பாலத்துல நின்னு பேனாவால எழுதிக்கிறோம் சார். என்ன எழுதறதுங்கறத மட்டும் ரெண்டு பேரும் எங்ககிட்ட விட்டுடுங்க," என்றார்.

பயிற்சிக்கு வருகிறவர்களில் ஒரு தபால்காரம்மா இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். இருபத்தாறு ஆண்டுகளாக அதே தெருக்களில் கடிதம் கொடுப்பவர். மே மாதம் நடக்கும் நகரசபைத் தேர்தலில் ஒரு வாக்குச்சாவடிக்கு அவர்தான் பொறுப்பு. இன்று காலை, புது வட்டத்தில், 'குடிமக்களின் குரல்' என்ற ஏழாம் பாடத்தை நான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கினார்.

"எண்ணி முடிக்கிறோம். எண்ணிக்கையை ஒரு தாள்ல எழுதறோம். அந்தத் தாள் மைய அலுவலகத்துக்குப் போற வழியில வேற தாளா மாறிடுது. போன தடவையும் அப்படித்தான், அதுக்கு முந்தியும் அப்படித்தான். அதுக்கு எந்தப் பாடம், சார்?"

நூலைப் புரட்டினேன். இயக்குநரும் புரட்டினார். அது திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்.

"ரெண்டாம் கட்டம் எப்போ?"

"நவம்பர்ல."

"தேர்தல் மே மாசம்."

வட்டமாக உட்கார்ந்திருந்ததால் இயக்குநருக்குப் பார்வையைத் திருப்ப ஒரு திசையும் இல்லாமல் போயிற்று.

நீ பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை என்பதற்காக உன் தலையில் கட்டி, பதினோரு தேர்தல்களுக்குச் சாவடிப் பொறுப்பு பார்க்க வைத்தார்கள். நீ என்ன செய்வாய்? கேட்கிறேன் என்பதற்காகக் குடை விஷயத்தில் நீ சொன்னது சரி என்று ஆகிவிடாது.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

உன் கடிதத்தை யாரோ நடுவில் திறந்து படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். படித்ததில் எனக்கு வருத்தமில்லை. பசைதான் மட்டம். உறையின் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. அரசாங்க வேலையை இந்த லட்சணத்தில் செய்தால் யார் மதிப்பார்கள்?

இங்கே எல்லாம் நலம். பத்திரிகையில் அப்படித்தான் போடுகிறார்கள். வானிலையைக்கூட மேலிடத்தைக் கேட்டுத்தான் போடுகிறார்கள் போலிருக்கிறது. மூன்று வாரமாக இதமாகவே இருக்கிறது, நேற்று நான் தொப்பலாக நனைந்து வீடு வந்தேன். ஆசிரியர்களுக்கு ஒரு புதுப் படிவம் வந்தது. 'வெளிநாட்டு நிதியில் பணிபுரியும் உறவினர் உண்டா? விவரம் தருக.' 'ஒரு தம்பி. பேச்சுவார்த்தை இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். எழுதிய அன்று அது உண்மை.

நீ கேட்டதற்கு எண்பத்தாறு பக்கம் வேண்டாம், அரைப் பக்கம் போதும்.

கடைசிச் சீட்டை எண்ணியதும் பெட்டியை வெளியே விடாதே. கதவைத் திற. எண்ணிக்கையை உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு முறை, வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு முறை உரக்கப் படி. மையால் இரண்டு பிரதி எழுது, எண்ணாலும் எழுத்தாலும். எல்லாக் கட்சி முகவர்களும் இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். தோற்றவனை முதலில் போடச் சொல், ஜெயித்தவன் எப்படியும் போடுவான். ஒரு பிரதி பெட்டியோடு போகட்டும். இன்னொன்றை, பெட்டி கிளம்பும் முன்னே, கதவின் வெளிப்பக்கம் ஒட்டு. டேப் வேண்டாம், மூன்று விநாடியில் பிய்த்துவிடுவார்கள். மாவுப் பசை காய்ச்சு. தாளின் பின்புறம் முழுக்கத் தடவு, மூலைகளில் மட்டும் வைப்பது சோம்பேறி வேலை. ஈரத்துணியால் மேலே நீவிவிடு. ஒரு மணி நேரம் காய்ந்துவிட்டால் அப்புறம் தாளைப் பிய்க்க நினைப்பவன் கதவையும் சேர்த்துத்தான் பிய்க்க வேண்டும்.

இதை எனக்கு யாரும் வட்டமாக உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. முதல் தேர்தலில் நானும் டேப்தான் போட்டேன்.

ஜூனில் இங்கே உள்ளாட்சித் தேர்தல். எனக்குப் பன்னிரண்டாவது. ஆகஸ்ட் முப்பத்தொன்றில் ஓய்வு. ஓய்வூதியம் கைக்கு வந்ததும் அத்தானின் முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை. இப்போது அவர் மாடிப்படியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி.

குடை விஷயத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. அங்கே மழை பெய்கிறதென்றால் ஒழுகாத குடையாகவாவது பார்த்துக் கொடு.

அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

உன் அரைப் பக்கத்தைப் பயிற்சியில் படித்தேன். மூத்த நிபுணர் ஒருவரைக் கலந்தாலோசித்ததாகச் சொன்னேன். "எந்த நிறுவனம்?" என்றார் இயக்குநர். "தொடக்கப் பள்ளி," என்றேன். அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

தபால்காரம்மா இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். தோற்றவனை முதலில் கையெழுத்துப் போடச் சொல்லும் இடம் வந்ததும், "உங்க அக்கா நெறைய மனுஷங்களைப் பார்த்திருக்காங்க," என்றார். அவர் யாரையும் இதற்கு மேல் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

யோசனை தலைமையகத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. பத்தே நாளில் விமானத்தில் பன்னிரண்டு பெட்டி டேப் வந்து இறங்கியது. நல்ல அகலம். சாண் இடைவெளியில் நிதி தரும் நாட்டின் கொடி, அதன் கீழே 'மக்களின் நண்பர்கள்' என்ற வாசகம். மாவைப் பற்றி நீ எழுதியிருந்ததை அவர்கள் உவமையாக எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

தபால்காரம்மா ஒரு சுருளை எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதை ஒட்டினா நாளைக்கே ரேடியோவுல 'வெளிநாட்டுக்காரன் ஒட்டின எண்ணு'ம்பாங்க. எங்க வீட்டு மாவு, எங்க வீட்டு அடுப்பு, எங்க கதவு. உங்க பேரு எங்கயும் வேணாம் சார். கோவிச்சுக்காதீங்க."

இயக்குநர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். பெயர் தெரிய வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் நான்காவது பிரிவு. கடைசியில் விஷயத்தை வாக்கெடுப்புக்கு விட்டோம். நானூற்றுப் பன்னிரண்டு சாவடிப் பொறுப்பாளர்களில் முந்நூற்று நாற்பது பேர் டேப்புக்கு, எழுபத்திரண்டு மாவுக்கு. மக்களாட்சி முறைப்படி டேப் வென்றது. எழுபத்திரண்டு பேரும், "நீங்க ஜெயிச்சீங்க, நாங்க மாவுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒத்திகைக்கு, நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் விடுதிக் கூடத்தின் கதவில் ஒரு தாளை ஒட்டிக் காட்டினார் தபால்காரம்மா. மறுநாள் காலை விடுதி மேலாளர் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார், எங்களைக் குத்த அல்ல. முக்கால் மணி நேரம் சுரண்டியும் ஓர் எண்கூட அழியவில்லை. இரண்டு ஆண்டுத் திட்டத்தில் இந்த நாட்டில் நாங்கள் விட்டுச்செல்லும் முதல் நிலையான தடயம் இதுதான் என்று அரையாண்டு அறிக்கையில் எழுத நினைத்தேன். எழுதவில்லை.

நான் ஏன் இங்கே வந்தேன் என்று நீ ஒரு முறையும் கேட்டதில்லை. இதைச் சொல்லித்தரும் வேலை நம் ஊரில் இருந்திருந்தால் விமானம் ஏறியிருக்க மாட்டேன். இருந்த ஒரே வேலையை நீ சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாய்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

உன் கடைசி வரியை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "உன் தம்பி திருந்திட்டானா, இல்ல காய்ச்சலா?" என்று கேட்டார்.

இங்கே ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. தலைப்பு, 'பொதுக் கட்டடங்களின் தூய்மை பேணுதல்.' குப்பைத்தொட்டிக்கு மூடி போடுவதில் தொடங்கி, குழாய் ஒழுகலைத் தாண்டி, ஒன்பதாவது பத்தியில் விஷயத்துக்கு வருகிறார்கள். சுவரிலும் கதவிலும் வாக்கு எண்ணிக்கைத் தாள் எதையும் ஒட்டக் கூடாது. ஒரே பிரதி, முத்திரையிட்ட உறையில், நேராக மாவட்ட அலுவலகத்துக்கு. மீறினால் துறை நடவடிக்கை.

கல்வி அதிகாரி பள்ளிக்கே வந்தார். கெட்டவர் இல்லை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"உங்க நல்லதுக்குச் சொல்றேன், டீச்சர். இன்னும் நாலு மாசம். கண்ண மூடித் தொறந்தா போயிடும்."

"கண்ண மூடறேன் சார். எண்ணும்போதும் மூடிக்கணுமா?"

"எண்ணும்போது தொறந்துக்கோங்க. எண்ணினப்புறம் மூடிக்கோங்க."

எழுந்து போகும்போது, "தம்பி ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காரில்ல?" என்றார்.

"பேசறதில்ல சார்."

"பேசாம இருக்கறது நல்லதுதான். எழுதாம இருந்தா இன்னும் நல்லது."

எனவே ஒளிக்க ஒன்றுமில்லை, எழுதிவிடுகிறேன். நடுவில் படிப்பவரும் குறித்துக்கொள்ளலாம். ஜூனில் நான் ஒட்டப்போவதில்லை. பதினோரு முறை ஒட்டியாயிற்று. நடவடிக்கை என்றால் ஓய்வூதியத்தை நிறுத்துவார்கள். அத்தான் நேற்று நான்கு படி ஏறிவிட்டு ஐந்தாவதில் உட்கார்ந்து, யாரோ கூப்பிட்டதால் நின்றவர் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னாலும் கடிதத்தையும் நிறுத்திவிடுவேன்.

தபால்காரம்மாவிடம் சொல், பசையில் கட்டி விழக் கூடாது. மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். ஆண்கள் நேராகக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டுவார்கள். யாரையும் விடாதே என்று சொல்.

அக்கா


மே 30

அக்காவுக்கு,

ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்றாய். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இருபத்தைந்தாம் தேதி தேர்தல். தபால்காரம்மாவின் சாவடி, கடிதங்களைப் பிரிக்கும் கூடம். நான்கு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது, ஐந்தரைக்கு எண்ணி முடித்தார்கள். ஆளுங்கட்சிக்கு இருநூற்றுப் பதினொன்று, எதிர்த்தரப்புக்கு முந்நூற்று எண்பத்தாறு. ஆளுங்கட்சி முகவர் கையெழுத்துப் போட மறுத்தார். தபால்காரம்மா தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க அம்மாவுக்கு இருபது வருஷமா லெட்டர் குடுக்கறேன். ஒண்ணாவது வேற வீட்டுக்குப் போயிருக்கா?"

"இல்ல."

"தோத்ததுக்குக் கையெழுத்து கேக்கல. எண்ணினதுக்குக் கேக்கறேன்."

போட்டுவிட்டார். தபால்காரம்மா படியில் நின்று உரக்கப் படித்தார். வாசலில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். எங்கள் பேனாக்களுக்கு ஒரு பயன் இருப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் மைய அலுவலகம் அறிவித்தபோது இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. அன்று மாலையே நகரசபை வண்டிகள் புறப்பட்டன. எங்கள் டேப் உயர்ந்த தரம் அக்கா. முந்நூற்று நாற்பது கதவுகளிலும் கறையே இல்லாமல் கழன்று வந்தது. மாவு ஒட்டிய எழுபத்திரண்டும் வரவில்லை. சுரண்டினார்கள், தண்ணீர் அடித்தார்கள். இரண்டாம் நாள் மேலிடத்து உத்தரவுப்படி அந்தக் கதவுகளுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தார்கள். கிடங்கில் இருந்தது பச்சை. இந்த நகரத்து அரசுக் கதவெல்லாம் சாம்பல் நிறம்.

"எங்க எண்ணை மாத்திட்டாங்கன்னு நாங்க சொல்லியிருந்தா யாரு நம்புவாங்க? அவங்களே பச்சை அடிச்சுக் காட்டிட்டாங்க," என்றார் தபால்காரம்மா. நகரத்தின் தபால்காரர்கள் எல்லோரும் வழக்கமான சுற்றில் போய், பச்சைக் கதவு இருக்கும் தெருக்களில் மக்கள் குறித்து வைத்திருந்த எண்களை வாங்கி வந்தார்கள். ஒரே மேசையில் அடுக்கிக் கூட்டிப் பார்த்து, தபாலாபீஸ் சுவரில் ஒட்டினார்கள். எதனால் ஒட்டினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நான்காம் நாள் அரசாங்கம் எழுபத்திரண்டு சாவடிகளில் எழுத்துப் பிழை நேர்ந்துவிட்டதாக அறிவித்தது. மையத்தில் இருப்பவர் அங்கேயே இருக்கிறார். ஆனால் நகரசபையில் அவரைக் கேட்காமல் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பத்தொரு ஆண்டில் இது முதல் முறை.

அதே வாரம், எங்களுக்கு நிதி தரும் வல்லரசு இங்கே ஒரு துறைமுகத்தைக் குத்தகைக்கு எடுத்தது. போட்டி வல்லரசுக்குக் கிடைக்காமல் போனதில் தலைமையகத்துக்கு மகிழ்ச்சி. தேர்தல் 'மொத்தத்தில் திருப்திகரம்' என்று எங்கள் அறிக்கை எழுதப்பட்டு வந்தது. அறக்கட்டளையில் நாங்கள் ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். தாள் ஒவ்வொருவராகக் கைமாறி என்னிடம் வந்தது. நீ எழுதிய அரைப் பக்கம் சட்டைப்பையில் இருந்தது. எண்ணாததற்குக் கையெழுத்துப் போட வரவில்லை. எட்டுக் கையெழுத்து, ஒன்பதாவது இடம் காலி. "தனிப்பட்ட முறையில உங்களை மதிக்கிறேன்," என்று இயக்குநர் கையைப் பிடித்துக்கொண்டார். மனதாரத்தான் சொன்னார். ஜூன் முப்பதோடு என் வேலை முடிகிறது. ஊருக்கு வருகிறேன்.

கடைசியாக, நீ தடுத்த அந்த வார்த்தை. ஒட்டாதே. மற்றவர்களை ஒட்டச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன், நீ ஒட்டாதே. உன் அரைப் பக்கம் எழுபத்திரண்டு கதவில் இருக்கிறது. ஒரு ஆளுக்கு அது போதும்.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

உன் கடிதம் தேர்தலுக்கு முதல் நாள் கிடைத்தது. சின்ன வயதிலிருந்தே நீ சொன்னதைக் கேட்டு நான் ஒன்றும் செய்ததில்லை.

ஒட்டுவதாக எனக்கு எண்ணமே இல்லை. பசை காய்ச்சியது உண்மை. "எதுக்கு?" என்றார் அத்தான். "நோட்டுக்கு அட்டை போட," என்றேன். "பள்ளிக்கூடமே இன்னிக்கு வாக்குச்சாவடி. எந்த நோட்டு?" என்றார். பிறகு அவரே, "என் முழங்கால் எங்க போயிடப் போகுது? இருக்கிற இடத்துலயேதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, கட்டி விழாமல் கிளறிக் கொடுத்தார்.

எண்ணி முடித்தோம். முந்நூற்றுப் பதினெட்டுக்கு இருநூற்று நாலு, ஆளுங்கட்சிக்குச் சின்ன எண். பழக்கதோஷத்தில் இரண்டு பிரதி எழுதிவிட்டேன், முகவர்களும் பழக்கதோஷத்தில் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்றை உறையில் போட்டு அரக்கு வைத்தேன். கதவைத் திறந்தேன். வாசலில் நாற்பது பேர். பதினோரு தேர்தலாக அந்த நேரத்துக்கு வந்து நிற்பவர்கள். சுற்றறிக்கையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒருவரும் கேட்கவில்லை. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒருத்தி மட்டும் கையில் பென்சிலோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதைக் கைப்பையில் போட்டு மூடினாள். எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று.

"எடு அதை," என்றேன். படித்தேன். ஒட்டினேன்.

மறுநாள் மாவட்ட அலுவலகம் இரண்டு எண்களையும் இடம் மாற்றி அறிவித்தது. அதற்குள் பாதி ஊர் எழுதி வைத்திருந்தது. கல்வி அதிகாரி இரண்டு ஆட்களோடு வந்தார். சுரண்டிப் பார்த்தார்கள். ஒருவன், "பெயிண்ட் அடிச்சிடலாம் சார்," என்றான். "வேணாம். அடிச்சா, அடிச்ச கதவை எண்ணிடுவாங்க," என்றார் அதிகாரி. இதை எங்கே படித்தார் என்று நான் கேட்கவில்லை. உன் கடைசிக் கடிதத்தின் ஓரம் இந்த முறை கெட்டியாக ஒட்டியிருந்தது. மாவுப் பசை, முழுக்கத் தடவியிருந்தார்கள்.

வியாழக்கிழமை பணியிடை நீக்க உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் இல்லை. எப்போது முடியும் என்று அதில் எழுதவில்லை. அத்தான் படித்துவிட்டு, எழுத்துப் பிழை இரண்டு இருப்பதாகச் சொன்னார்.

ஒன்பதாவது இடத்தை நீ காலியாக விட்டதைப் பற்றி நாலு முறை படித்தேன். குடை விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். வந்து சேர். கூரையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

சாவடியாக இருந்த ஒன்றாம் வகுப்புக்கு இப்போது கதவு இல்லை. விசாரணைக்குச் சாட்சியம் வேண்டுமென்று கீல்களைக் கழற்றிக் கதவை எடுத்துப் போனார்கள். மாவட்ட அலுவலகத்தில் சாட்சியங்கள் வைக்கும் அறையின் வாசல் அதைவிடக் குறுகல். அதனால் வெளித் தாழ்வாரத்தில் சுவரோரம் சாய்த்து, உரசி அழிந்துவிடாமல் தாள் இருக்கும் பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, 'சாட்சியம், தொடக் கூடாது' என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமைகளில் மனு கொடுக்க வருகிறவர்களின் வரிசை அதற்கு எதிரில் நிற்கிறது.

அக்கா